சின்ன நாடும் பெரிய போர்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை குறித்துக் கேட்ட ஒரு வாசகருக்கு நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று செங்கோட்டையிலிருந்தும் களியக்காவிளையிலிருந்தும், வடக்கே சித்தூரிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எல்லையோர ஊர்களில் பல வீடுகளுக்குச் சிங்கப்பூரோடு நேரடித் தொடர்பு இருப்பதால் இந்த அக்கறை இயல்பானது. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

புளியரை போகும் சாலையில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். 2022-இல் உக்ரைன் போர் வந்தபோது எண்ணெய் டின் விலை ஏற ஏற, கடைப் பலகையில் பரோட்டா விலையை அழித்து அழித்து எழுத வேண்டியிருந்தது. சிங்கப்பூர் ஷிப்யார்டில் வேலை பார்க்கும் என் தம்பி, "இந்த நாடும் ரஷ்யாவுக்குத் தடை போட்டுவிட்டது அண்ணே" என்று போனில் சொன்னான். அவ்வளவு சின்ன நாடு, எங்கோ நடக்கும் சண்டைக்குள் ஏன் போக வேண்டும்?
– ஒரு வாசகர், செங்கோட்டை

தங்கள் கடைப் பலகையிலிருந்தே தொடங்குகிறேன். அந்நாளில் இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி உக்ரைனிலிருந்து கருங்கடல் வழியாக வந்துகொண்டிருந்தது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்ததும் அந்த வழி அடைபட்டது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது. இப்படித்தான் அந்தச் சண்டை புளியரை வரை வந்து சேர்ந்தது. தன் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் சிங்கப்பூருக்கு அது இன்னும் அருகில் இருந்தது.

ஆனால் அந்த நாடு முடிவெடுத்ததற்கு விலைவாசி காரணமன்று. பிப்ரவரி 28 அன்று வெளியுறவு அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்த வாதம் வேறு. ஒரு நாடு உருவானதே பழைய ஆட்சியாளர்களின் வரலாற்றுப் பிழை என்று சொல்லிக்கொண்டு பக்கத்து நாடு படையெடுக்கலாம் என்றால், உலகில் பல நாடுகளின் இருப்பே கேள்விக்குள்ளாகும், அவற்றுள் சிங்கப்பூரும் ஒன்று என்பதே அதன் சாரம். இதை அவர்கள் சும்மா சொல்லவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடான ஊர் அது. அப்போது அதன் பரப்பு 600 சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. உக்ரைன் லெனின் உண்டாக்கிய நாடு என்று விளாடிமிர் புதின் படையெடுப்புக்கு மூன்று நாள் முன்பு தொலைக்காட்சியில் பேசியபோது, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்குத் தங்கள் பிறப்புச் சான்றிதழை யாரோ கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பது போலத்தான் இருந்திருக்கும்.

மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யாவைக் கண்டித்து வந்த தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. 5 நாடுகள் எதிர்த்தன. 35 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. சிங்கப்பூர் ஆதரித்தவர்களோடு நின்றது. இந்தியாவும் இலங்கையும் ஒதுங்கி நின்றன. மார்ச் 5 அன்று சிங்கப்பூர் இன்னோர் அடி எடுத்து வைத்து, ஆயுதமாகப் பயன்படக்கூடிய பொருள்களை ரஷ்யாவுக்கு அனுப்புவதற்கும், விடிபி உள்ளிட்ட நான்கு ரஷ்ய வங்கிகளோடு தன் நிதி நிறுவனங்கள் கொடுக்கல் வாங்கல் செய்வதற்கும் தடை விதித்தது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் உத்தரவு இல்லாமல் இப்படித் தானாகத் தடை விதிப்பது அந்த நாட்டின் வழக்கமே அன்று. பாதுகாப்பு அவையில் ரஷ்யாவே வீட்டோ என்ற தடுப்பு வாக்கைப் போட்டுவிட்டதால் அந்த வழக்கத்தை மீறினார்கள். அதற்கான விலையும் இரண்டே நாளில் வந்தது: மார்ச் 7 அன்று ரஷ்யா வெளியிட்ட 'நட்பற்ற நாடுகள்' பட்டியலில் சிங்கப்பூரின் பெயரும் இருந்தது.

தாங்கள் செங்கோட்டைக்காரர் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். தங்கள் ஊர் நுழைவாயில் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்றும் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதே நாளில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் தங்கின. இதில் நமக்கு மனக்குறை உண்டு. தமிழகத்தோடு இணையக் கோரிய போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர்களைக் குமரி மாவட்டம் மறக்கவும் இல்லை. என்றாலும் அந்தக் கோடு மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கையாலும் நாடாளுமன்றச் சட்டத்தாலும் வரையப்பட்டது. அதனால்தான் இன்று புளியரைச் சோதனைச் சாவடியில் காய்கறி லாரிகள் வரிசையில் நிற்கின்றன, பீரங்கிகள் நிற்கவில்லை. 2022 பிப்ரவரி 21 இரவு ஐ.நா. பாதுகாப்பு அவையில் கென்யாவின் தூதர் மார்ட்டின் கிமானி பேசியதும் ஏறத்தாழ இதுவே. ஆப்பிரிக்க எல்லைகளைத் தொலைதூரத் தலைநகரங்களில் உட்கார்ந்து வெள்ளையர்கள் வரைந்தார்கள், ஒரே இனத்து மக்கள் கோட்டுக்கு இருபுறமும் பிரிந்து கிடக்கிறார்கள், அதற்காகப் போருக்குப் போயிருந்தால் இன்றும் இரத்தம் சிந்திக்கொண்டுதான் இருப்போம் என்று அவர் சொன்னார். எல்லையோரத்தில் வாழும் நமக்கு அந்தப் பேச்சு யாரும் விளக்காமலே புரியும்.

கொள்கை என்கிறீர்கள். இதையே அமெரிக்கா செய்தால் சிங்கப்பூர் வாய் திறக்குமா?
– கல்லூரி மாணவர், கூடலூர், தேனி மாவட்டம்

திறந்திருக்கிறது, திறக்காமலும் இருந்திருக்கிறது. இரண்டையும் சொல்வதுதான் நேர்மை.

1983 அக்டோபர் 25 அன்று அமெரிக்கப் படைகள் கரீபியக் கடலில் உள்ள கிரெனடா என்ற சிறு தீவில் இறங்கின. அங்கே ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து பிரதமரே கொல்லப்பட்டிருந்தார். அமெரிக்க மாணவர்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று ரீகன் அரசு காரணம் சொன்னது. நவம்பர் 2 அன்று பொதுச்சபை அந்தப் படையெடுப்பை 108–க்கு 9 என்ற வாக்குகளில் கண்டித்தபோது, அமெரிக்காவின் நெருங்கிய நண்பனாக இருந்த சிங்கப்பூர் கண்டித்தவர்கள் பக்கமே வாக்களித்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்தவர் சு. தனபாலன் என்ற தமிழர். அவருக்கு முன்பு 1965 முதல் 1980 வரை அந்தப் பொறுப்பை வகித்த எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கைக்கு அடித்தளம் போட்டவர் அவரே. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தோற்றுவித்த 1967 பாங்காக் பிரகடனத்தில் சிங்கப்பூரின் சார்பில் கையெழுத்திட்டவரும் அவரே. உக்ரைனுக்காக 2022-இல் நாடாளுமன்றத்தில் பேசும்போது பாலகிருஷ்ணன் கிரெனடா வாக்கை நினைவுபடுத்தியதற்குக் காரணம் உண்டு. நண்பன் செய்த தவற்றையும் தவறு என்று சொன்னவர்களுக்கே பிறரைக் கண்டிக்கும்போது பேச்சில் கனம் இருக்கும்.

இப்போது மறுபக்கம். 1975 டிசம்பரில் இந்தோனேசியா கிழக்குத் திமோருக்குள் படை அனுப்பியது. ஐ.நா.வில் சிங்கப்பூர் வாக்களிக்காமல் ஒதுங்கியது. ஜகார்த்தாவுக்கு அதுவே கசந்தது. பின்வந்த ஆண்டுகளில் சிங்கப்பூர் இந்தோனேசியாவின் பக்கம் போய் நின்றது. 2003-இல் பாதுகாப்பு அவையின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் அமெரிக்கா ஈராக்குக்குள் நுழைந்தபோது, சிங்கப்பூர் அதை ஆதரித்ததோடு பின்னர் ஒரு கடற்படைக் கப்பலையும் விமானங்களையும் உதவிப் பணிக்கு அனுப்பியது. பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாக அப்போது நம்பினோம் என்பது அவர்கள் விளக்கம். அந்த ஆயுதங்கள் கிடைக்கவே இல்லை. கிரெனடாவுக்குப் பயன்படுத்திய அளவுகோலை ஈராக்குக்கும் பயன்படுத்தியிருந்தால் அவர்கள் வேறு விதமாக நின்றிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. சிறிய நாட்டுக்குக் கொள்கை ஒரு வேலி என்றால், அந்த வேலியில் தன் கையாலேயே விட்ட இடைவெளிகள் இவ்விரண்டும்.

கம்போடியாவில் கொலைகாரப் போல்பாட்டை விரட்டியது வியட்நாம். அந்த வியட்நாமைச் சிங்கப்பூர் பத்தாண்டுக்கு மேல் எதிர்த்தது எந்த நியாயம்?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, சித்தூர்

அம்மா, இந்தக் கேள்வி என்னை நெடுநாள் உறுத்திய கேள்வி.

1975 முதல் 1979 வரை போல்பாட் தலைமையிலான கெமர் ரூஜ் இயக்கத்தின் ஆட்சியில் கம்போடிய மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டார்கள். 1978 டிசம்பர் 25 அன்று வியட்நாம் படையெடுத்தது. 1979 ஜனவரி 7 அன்று தலைநகர் புனோம் பென் வீழ்ந்தது. சாகக் கிடந்தவர்களுக்கு வியட்நாம் சிப்பாய் மீட்பனாகத்தான் தெரிந்திருப்பான். ஆனால் சிங்கப்பூரும் தாய்லாந்தும் பார்த்தது வேறொன்று: பெரிய அண்டை நாடு ஒன்று சிறிய நாட்டுக்குள் புகுந்து, தனக்கு வேண்டிய அரசை உட்கார வைத்துவிட்டு, படையைத் திரும்ப அழைக்காமல் அங்கேயே இருக்கிறது. இதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால் அடுத்த முறை யார் எந்தக் காரணம் சொல்லி வருவார்கள் என்று ராஜரத்தினம் உலக மன்றங்களில் கேட்டுக்கொண்டே இருந்தார். சிங்கப்பூரின் முயற்சி அதில் மிகப் பெரியது. ஆண்டுதோறும் பொதுச்சபையில் அன்னியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்துக்கு வாக்குச் சேர்த்தார்கள். இந்தியாவோ 1980-இல் வியட்நாம் அமைத்த ஹெங் சாம்ரின் அரசை அங்கீகரித்தது. அதனால் டெல்லிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அக்காலத்தில் நல்ல உறவு இருக்கவில்லை.

அந்தக் கொள்கையின் கொடிய பக்கம், கம்போடியாவின் ஐ.நா. இருக்கையில் விரட்டப்பட்ட கெமர் ரூஜின் பிரதிநிதிகளே தொடர்ந்து உட்கார்ந்ததும், அதற்குச் சிங்கப்பூர் துணை நின்றதுமாகும். 1982-இல் முன்னாள் மன்னர் சிஹானூக் உள்ளிட்ட மற்றவர்களைச் சேர்த்து ஒரு கூட்டணி அரசு அமைக்கச் செய்து அந்தக் கறையைக் குறைக்கப் பார்த்தார்கள். 1989-இல் வியட்நாம் படைகள் வெளியேறின. 1991 அக்டோபர் 23 அன்று பாரிஸில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. பின்பு வியட்நாமும் 1995-இல் ஆசியானில் சேர்ந்தது. படையெடுப்பை ஏற்க முடியாது என்ற நிலைப்பாடு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் குடும்பத்தைப் பறிகொடுத்த ஒரு கம்போடியத் தாயின் முன் நின்று அந்த இருக்கையை நியாயப்படுத்த என்னால் முடியாது. இரண்டையும் ஒன்றாக்கித் தங்களிடம் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாருக்கும் பகை வேண்டாம் என்று நடுநிலையாக இருந்துவிட்டால் சின்ன நாடு தப்பிக்காதா?
– ஒரு வாசகர், தக்கலை

லாவோஸ் அப்படி இருந்து பார்த்தது. அதன் நடுநிலையை 1962-இல் ஜெனீவாவில் வல்லரசுகளே எழுதிக் கையெழுத்திட்டன. அதன்பிறகு வடவியட்நாமியப் படைகள் வியட்நாம் போருக்கு அதன் காட்டுப் பாதையைப் பயன்படுத்தின. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்த நாட்டின் மீது 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு வீசின. வெடிக்காமல் மண்ணில் புதைந்த குண்டுகள் வயலில் வேலை செய்பவர்களை இன்றும் கொல்கின்றன. வலிமையோ மலையரணோ துணையில்லாத நடுநிலை, மற்றவர்கள் மதிக்கும் வரைதான் நடுநிலை. நடுநிலைக்குப் பேர்போன சுவிட்சர்லாந்தே 2022-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரஷ்யத் தடைகளைத் தானும் ஏற்றது. பின்லாந்து 2023 ஏப்ரலில் நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்ந்தது.

பெரியவன் ஒருவனின் நிழலில் ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தக்கலைக்காரருக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறைக்குப் போய்ப் பாருங்கள். லத்தீனிலும் தமிழிலும் வெட்டிய கல் அங்கே இருக்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக் கம்பெனியை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்ட அந்த அதிகாரி, பின்பு திருவிதாங்கூர்ப் படையையே பயிற்றுவித்தார். எதிரியின் ஆளையும் தன் படைக்கு ஆசானாக்கிக்கொண்டு சொந்தக் காலில் நின்ற காலம் அது. அடுத்த தலைமுறையில், 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் நெடுங்கோட்டை அரணைத் தாக்கியபோது, திருவிதாங்கூர் ஆங்கிலக் கம்பெனியின் துணையோடு தப்பியது. அந்தத் துணைக்கு 1795-இலும் 1805-இலும் உடன்படிக்கைகள் எழுதப்பட்டு, கப்பத் தொகை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயாக ஏறியது. 1805 உடன்படிக்கைக்கு உடன்பட்ட திவான் வேலுத்தம்பியே, பணமும் கட்ட முடியாமல் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலேயின் தலையீட்டையும் பொறுக்க முடியாமல் 1809 ஜனவரியில் குண்டறையில் அறைகூவல் விடுத்து எழுந்து, சில மாதங்களுக்குள் மண்ணடியில் உயிரை விட்டார். திப்புவிடமிருந்து காத்துக்கொண்ட நாட்டைக் காத்தவனிடமிருந்து காத்துக்கொள்ள முடியவில்லை.

சிங்கப்பூர் தேடிய வழி, யாருடைய நிழலும் இல்லாமல் சொந்தப் படை வைத்திருப்பது. 1967-இல் ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை கொண்டுவந்தார்கள். அதன் மேல்தான் இந்த வாக்குகளும் பேச்சுகளும் நிற்கின்றன.

பொதுச்சபைத் தீர்மானத்தால் ஒரு குண்டாவது நின்றிருக்கிறதா?
– ஒரு வாசகர், வாளையார்

அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை, உண்மை. ஆனால் வீட்டோ இல்லாத நாடுகள் எண்ணிக்கையைக் காட்டக்கூடிய ஒரே சபை அதுதான். அதை உணர்ந்தே 1992-இல் சிங்கப்பூர் ஐ.நா.வில் சிறு நாடுகள் மன்றம் என்ற குழுவைத் தொடங்கியது. இன்று 100-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, அதாவது ஐ.நா. உறுப்பினர்களில் பாதிக்கு மேல்.

பெரிய அண்டை வீட்டுக்காரனிடம் 'முடியாது' என்று சொல்லிவிட்டுப் பிறகு எப்படி முகத்தில் விழிப்பது?
– மளிகைக் கடை உரிமையாளர், போடிநாயக்கனூர்

1965 மார்ச் 10 அன்று சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். வைத்தவர்கள் இந்தோனேசியக் கடற்படைவீரர்கள் இருவர். சிங்கப்பூரும் அப்போது அடங்கியிருந்த மலேசியாவை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகர்னோ நடத்திய மோதலின் காலம் அது. அவர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் ஆட்சி மாறி, அதிபர் சுகார்த்தோ நேரடியாக உயிர்ப்பிச்சை கேட்டார். பத்துக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் நாட்டின் தலைவர், இருபது லட்சம் பேர் வாழும் நாட்டிடம் கேட்கிறார். சிங்கப்பூர் மறுத்தது, 1968 அக்டோபரில் தண்டனை நிறைவேறியது, ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. சில ஆண்டுகள் உறவு உறைந்து கிடந்தது.

1973-இல் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தாவுக்குப் போனார். அங்கே வீரர்களின் மயானத்தில் அந்த இருவரின் சமாதிகளுக்கு நடந்து சென்று, கையால் பூக்களைத் தூவினார். தீர்ப்பு தவறு என்று அவர் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. இறந்தவர்களுக்கு மரியாதை செய்தார், அவ்வளவே. அதற்குப் பின்தான் இரு நாட்டு உறவும் சீரடைந்தது. நம் ஊரில் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தவர், எதிராளி வீட்டுத் துக்கத்துக்கு மாலையோடு போய் நிற்பதில்லையா? அதுபோன்ற செயல் இது.

என் மகன் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறான். காஸாவில் குழந்தைகள் சாவதைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஊர்வலம் போகலாமா, பணம் திரட்டலாமா என்று கேட்கிறான். பயமாக இருக்கிறது. அந்த அரசு இதில் யார் பக்கம்?
– ஒரு தாய், களியக்காவிளை

முதலில் அரசின் நிலை. 1965-க்குப் பின் சிங்கப்பூர் தன் படையைக் கட்டியெழுப்ப உதவியவர்கள் இஸ்ரேலிய அதிகாரிகள். அந்த உறவு இன்றும் தொடர்கிறது. அங்கே வாழ்பவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் முஸ்லிம். மலேசியாவும் இந்தோனேசியாவும் அண்டை நாடுகள். 2023 அக்டோபர் 7 அன்று இஸ்ரேல் மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலை அரசு கண்டித்தது. அதே அக்டோபர் 27 அன்றும், டிசம்பர் 12 அன்றும் போர் நிறுத்தம் கோரி வந்த பொதுச்சபைத் தீர்மானங்களை ஆதரித்தது. இந்தியா முதல் தீர்மானத்தில் ஒதுங்கி, இரண்டாவதை ஆதரித்தது. பாலஸ்தீனத்துக்குப் பார்வையாளர் நாடு என்ற தகுதி தரும் 2012 வாக்கெடுப்பில் ஒதுங்கிய சிங்கப்பூர், 2024 மே மாதம் பாலஸ்தீனத்தை முழு உறுப்பினராக்கப் பரிந்துரைத்த தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அந்த வாக்கு இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி தங்கள் மகன். அவர் மனம் நல்ல மனம், அம்மா; அதை அவரிடம் சொல்லுங்கள். ஆனால் ஊர்வலம் வேண்டாம். அங்கே பொது இடத்தில் கூடுவதற்குக் காவல்துறை அனுமதி தேவை. இந்தப் போர் தொடர்பான கூட்டங்களுக்கு அனுமதி தருவதில்லை என்று 2023 அக்டோபரிலேயே அறிவித்துவிட்டார்கள். எந்த வெளிநாட்டுக் கொடியையும் பொதுவில் காட்டுவதற்கு 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடையாக இருக்கிறது. சட்டையில் போட்டிருப்பதும் அதில் அடங்கலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவருக்கு இதில் ஆபத்து கூடுதல். சீட்டு ரத்தாகி ஊருக்கு அனுப்பப்படலாம். வெளிநாட்டு உதவிக்குப் பணம் திரட்டவும் அனுமதி தேவை. ஆகவே விடுதி அறையில் டப்பா வைத்து நண்பர்களிடம் வசூலிக்க வேண்டாம். அனுமதி பெற்ற தொண்டு அமைப்புகள் அங்கேயே வெளிப்படையாக நன்கொடை வாங்குகின்றன. தன் சம்பளத்திலிருந்து தன்னால் இயன்றதை அவர் தன் பெயரிலேயே செலுத்தி, ரசீதை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.